கரியைத் துடைப்பதற்கு முன் அது எங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார இதழின் வாசகர் கேள்வி-பதில் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். இலக்குச் சுடும் போட்டிக்காகத் தானே வீட்டில் மறுபடி நிரப்பும் ரைஃபிள் தோட்டாக்களைச் சுட்டு முடித்ததும் பித்தளைக் கூட்டின் வெளிப்பக்கத்தில் கரி பிடித்து வருகிறது, புல்லட்டைப் பிடிக்கும் குறுகிய கழுத்தோடு நிற்காமல் அகன்ற உடம்பு வரைக்கும் இறங்குகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் எழுதியவர் நாலே வரியில் முடித்துவிட்டார்: வெடிமருந்து அதிகமாகப் போடுகிறீர்கள், குறையுங்கள், துப்பாக்கியை நன்றாகத் துடையுங்கள். தமிழ்ப் பத்திரிகையில் இப்படி ஒரு கேள்வி வந்திருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டது அந்தப் பதிலைப் படிக்கும் வரைக்கும்தான். பதில் அப்படியே தலைகீழ். அந்த வாசகர் அதை நம்பி மருந்தைக் குறைத்தால் கரி இன்னும் கூடும், அவர் மறுபடியும் குறைப்பார், அது மறுபடியும் கூடும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், வெட்டுவதானால் என் சொந்தக் கதையை வெட்டிவிட்டு விஷயத்தை விட்டுவையுங்கள்.

நான் ஸ்கார்பரோவில் இருபது வருடமாக இருப்பவன். சொந்த ஊர் குன்னூர் பக்கம், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையின் சங்குச் சத்தத்தில் மணி பார்த்து வளர்ந்தவன். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அந்த ஃபாக்டரிதான் சோறு போட்டது, ஆனாலும் துப்பாக்கி மருந்து எப்படி எரிகிறது என்று நான் தெரிந்துகொண்டது கனடா வந்து, லைசென்ஸ் எடுத்து, நாற்பது வயதில் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைக் கையில் பிடித்த பிறகுதான். துப்பாக்கி என்று சொன்னாலே நம் ஆட்களில் பலருக்கு முகம் மாறிவிடும், அதுவும் குண்டுச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்து இந்த ஊருக்குத் தப்பி வந்தவர்கள் எத்தனையோ பேர், அவர்களிடம் இதை ஒரு விளையாட்டு என்று சொல்லவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் விளையாட்டுதான். கோல்ஃப் மாதிரி, மெதுவானது, செலவு பிடிப்பது, வீட்டில் திட்டு வாங்கித் தருவது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஆட்களுக்குச் சுடுதல் என்றால் ககன் நாரங், இளவேனில் வாலறிவன் ஞாபகம் வரும். அவர்களுடைய பிரிவு 10 மீட்டர் ஏர் ரைஃபிள், இல்லாவிட்டால் 50 மீட்டரில் சின்ன .22 தோட்டா. ஏர் ரைஃபிளில் மருந்தே கிடையாது, .22-இல் தீப்பொறி தரும் ரசாயனம் அடிவிளிம்புக்குள்ளேயே இருப்பதால் சுட்ட கூட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நான் சொல்வது வேறு, எஃப் கிளாஸ் என்று பெயர். படுத்துக்கொண்டு, முன்னால் ஒரு ஸ்டாண்டும் பின்னால் மணல் பையும் வைத்து, ஸ்கோப் மாட்டி 1000 கஜம் வரைக்கும் சுடுவது. அந்த எஃப் என்பது ஃபார்குஹர்சன் என்ற கனடாக்காரரின் பெயரிலிருந்து வந்தது, வயதான பிறகும் சுட ஆசைப்பட்டவர்களுக்கு வழி செய்து கொடுத்த மனிதர். 2017-இல் இதன் உலகப் போட்டி ஒட்டாவாவில் கன்னாட் ரேஞ்சில்தான் நடந்தது. இதில் எஃப்-டிஆர் என்ற பிரிவில் .223, .308 என்ற இரண்டே அளவுத் தோட்டாக்களுக்குத்தான் அனுமதி, துப்பாக்கி எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. கடையில் வாங்கும் தோட்டாவை வைத்துக்கொண்டு 1000 கஜத்தில் சரிக்கட்ட முடியாது, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் போக வேண்டும், நொடிக்கு 10 அடி வேகம் குறைந்தாலே அந்தத் தூரத்தில் மூன்று நாலு அங்குலம் கீழே விழும். அதனால் ஆளாளுக்கு வீட்டில் உட்கார்ந்து, சுட்ட பித்தளைக் கூட்டை டை என்ற எஃகு அச்சில் அழுத்தி வடிவத்துக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி தரும் சின்ன மூடியான பிரைமரைப் புதிதாக வைத்து, மருந்தைத் தராசில் அளந்து ஊற்றி, புல்லட்டைச் செருகுகிறோம். ஒரே கூட்டைப் பத்து தடவை, நல்ல கூடானால் அதற்கு மேலும் ஓட்டலாம்.

சரி, இப்போது கரிக்கு வருகிறேன்.

வீட்டில் பிரஷர் குக்கர் வைக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அடுப்பைப் பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் மூடி ஓரமாக ஆவி லேசாகக் கசியும், தண்ணீர்கூடச் சொட்டும். உள்ளே அழுத்தம் ஏறியதும் அந்த அழுத்தமே கேஸ்கெட்டைத் தள்ளி இறுக்கிவிடும், கசிவு நின்றுவிடும், அப்புறம் விசில்தான். தீயைச் சிம்மில் வைத்துவிட்டால் அந்த இறுக்கம் வரவே வராது, மூடியைச் சுற்றி உஸ்ஸென்று போய்க்கொண்டே இருக்கும். கேஸ்கெட் பழசாகி இறுகிப் போயிருந்தாலும் அதே கதை. துப்பாக்கியில் தோட்டா போய் உட்காரும் அறையான சேம்பருக்குள் நடப்பது அச்சு அசலாக இதுதான். அங்கே கேஸ்கெட் வேலையைச் செய்வது பித்தளைக் கூடு. கூட்டுக்கும் சேம்பர் சுவருக்கும் நடுவில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி உண்டு, இல்லாவிட்டால் தோட்டா உள்ளேயே போகாது. மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது மெல்லிய கழுத்துப் பகுதி முதலில் விரிந்து புல்லட்டை விடுகிறது, அப்படியே போய்ச் சேம்பர் சுவரில் ஒட்டிக்கொண்டு வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. .308 தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, அதற்குப் பக்கத்தில் போகிற சரியான நிரப்பு என்றால் இந்த அடைப்பு கண் இமைப்பதற்குள் நடந்துவிடும், கழுத்து நுனியில் மட்டும் லேசாக ஒரு கறுப்பு வளையம் தெரியும். அழுத்தம் குறைவாகவோ தாமதமாகவோ ஏறினால், அல்லது கழுத்து இறுகிப்போய் விரியச் சண்டித்தனம் செய்தால், அந்த நொடிக்குள் வாயு பின்னால் வழிந்து, கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் தோளைத் தாண்டி உடம்பு வரைக்கும் கரியைப் பூசிவிடும்.

ஆக, உடம்பு வரை கரி என்றால் பெரும்பாலும் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். அதிகம் என்று அல்ல. உங்கள் பதில்காரர் சிம்மில் வைத்த குக்கரைப் பார்த்து "தீயை இன்னும் குறை" என்று சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு யாராவது நேராகப் போய் மருந்தைக் கூட்டிவிடப் போகிறார்கள் என்று எனக்குப் பயமாகவும் இருக்கிறது, தயவுசெய்து அதையும் செய்யாதீர்கள். அழுத்தம் போதவில்லை என்பதற்கு மருந்து குறைவு என்பது ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. மருந்து நிறுவனம் வெளியிடும் கையேட்டில் அந்தப் புல்லட்டுக்கு என்ன ஆரம்ப அளவு, என்ன உச்ச அளவு என்று போட்டிருக்கிறதோ அதற்குள்ளேதான் எதுவும். ஆரம்ப அளவில் நிரப்பிச் சுடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கரி வருவது சகஜம், அது குற்றமும் அல்ல, கழுத்தும் தோளும் கறுத்திருந்தால் இலக்கில் ஒன்றும் கெட்டுப்போகாது. மருந்து குறைவினால்தான் கரி என்றால் கூடவே இன்னொரு சாட்சியும் இருக்கும்: சுட்ட கூட்டின் அடியைப் பார்த்தால் பிரைமர் லேசாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வெடித்த உடனே பிரைமர் பின்னால் தள்ளப்படுகிறது, அழுத்தம் போதுமானதாக இருந்தால் கூடும் பின்னால் வந்து, சேம்பரைப் பின்பக்கம் அடைத்து நிற்கும் போல்ட்டில் முட்டி அதைப் பழையபடி உள்ளே உட்காரவைக்கும், போதாவிட்டால் பிரைமர் அப்படியே நின்றுவிடும். சில சமயம் கூட்டின் தோளிலோ உடம்பிலோ சின்னதாக ஒரு குழிவுகூட விழுந்திருக்கும், வாயு வெளிப்பக்கமாக வந்து கூட்டை உள்ளே அமுக்கியதன் அடையாளம். இந்த இரண்டையும் பார்த்தால் மருந்தளவைச் சந்தேகப்படலாம். இவை இல்லாமல் வெறும் கரி மட்டும் என்றால் வேறு பக்கம் தேட வேண்டும்.

என் விஷயத்தில் அது வேறு பக்கம்தான் இருந்தது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சீசன் முழுக்கப் போயிற்று.

சில வருடத்துக்கு முன்னால், மே மாத ஆரம்பம். நானும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே தட்டச்சுக்கடை மாதிரி ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கும் நண்பரும், விடியற்காலையில் கிளம்பி நாலரை மணி நேரம் காரோட்டி ஒட்டாவா போனோம். காலை 4 டிகிரி, ஆற்றிலிருந்து காற்று வேறு. போன ஆகஸ்டில் 27 டிகிரி வெயிலில் பார்த்துப் பார்த்து அமைத்த அதே நிரப்பு, அதே புல்லட். முதல் குண்டு 900 மீட்டரில் ஒரு அடிக்கும் மேலாகக் கீழே. சரி, காற்று, நான், ஸ்கோப் என்று ஏதாவது சொல்லி ஸ்கோப்பைத் திருகிச் சமாளித்தேன், ஆனால் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறிக்கொண்டே இருந்தன. போல்ட்டை இழுத்துக் கூட்டை எடுத்துப் பார்த்தால் பாதி உடம்பு வரைக்கும் கரி, விறகடுப்பில் வைத்த சொம்பு மாதிரி. நண்பர் ஒரு கூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, மருந்து பழுதாப் போச்சுது போல கிடக்கு" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். புது டப்பா மருந்து வாங்கினேன், பிரைமர் பிராண்டை மாற்றினேன், சேம்பரைப் பளபளவென்று துடைத்தேன், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தேன். அதுதான் முட்டாள்தனம். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது மாறியதால் என்ன ஆனது என்று எந்தச் சாமியாலும் சொல்ல முடியாது. கரி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அடுத்த வாரம் மறுபடியும் வந்தது.

அப்புறம்தான் பொறுமையாக உட்கார்ந்து யோசித்தேன். என் பெட்டியில் இருந்த கூடுகள் ஒன்பது தடவை சுட்டவை, ஒரு தடவைகூட அனீல் செய்யாதவை, அதாவது சூடேற்றி இளக வைக்காதவை. அதே கம்பெனியின் கூடு, இரண்டே தடவை சுட்டவை, ஒரு பத்து தனியாகக் கிடந்தன. பழையதில் பத்து, புதியதில் பத்து எடுத்து, ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே பிரைமர், ஒரே நாள் காலையில் மாற்றி மாற்றிச் சுட்டேன். பழைய பத்தும் பாதி உடம்பு வரை கறுப்பு. புதிய பத்தில் தோளுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் மட்டும். மருந்தின் மேல் இருந்த சந்தேகம் அந்த இடத்திலேயே செத்தது, பித்தளைதான் ஆள் என்று தெரிந்துபோனது. இருந்தாலும் புதியதிலும் தோள் தாண்டிக் கறுத்திருந்ததே, அது என்ன என்று ஒரு கேள்வி பாக்கி.

முதலில் பித்தளை. தோட்டாக் கூட்டுப் பித்தளை என்பது செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. நம் ஊர்க் கன்னார்கள் பித்தளைத் தகட்டை அடித்து அண்டா குடம் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடிக்க அடிக்கத் தகடு இறுகும், அதற்கு மேல் அடித்தால் வெடித்துவிடும், உடனே உலையில் காட்டிச் சூடேற்றி ஆறவிட்டு மறுபடி அடிப்பார்கள். நாம் ஒவ்வொரு தடவை சுடும்போதும் கழுத்து விரிகிறது, டையில் அழுத்தும்போது சுருங்குகிறது. இது கன்னார் சுத்தியல் போலத்தான். ஒன்பது தடவைக்குப் பிறகு அந்தக் கழுத்து ஸ்பிரிங் மாதிரி ஆகிவிடுகிறது, விரிந்து சுவரில் ஒட்டிக்கொள்வதற்குப் பதிலாகப் பின்வாங்குகிறது. புல்லட்டைப் பிடிக்கும் பிடியும் ஒவ்வொரு கூட்டிலும் ஒவ்வொரு மாதிரி ஆகிவிடும், என் குண்டுகள் மேலும் கீழும் சிதறியதற்கும் அதுதான் காரணம், கரியும் சிதறலும் ஒரே வியாதியின் இரண்டு அறிகுறிகள்.

அனீலிங் செய்வதற்கு இப்போது மின்தூண்டல் இயந்திரம் எல்லாம் வந்துவிட்டது, என்னிடம் இருப்பது கேஸ் டார்ச் மட்டும். கழுத்தையும் தோளையும் சில நொடி சுடரில் சுழற்றவேண்டும், ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸ் போதும், அந்தச் சூட்டில் நிறம் மாறும் சிறப்பு மைகள் கிடைக்கின்றன, கூட்டின் உள்பக்கத்தில் தடவிக்கொண்டால் ஊகத்துக்கு வேலையில்லை. பளிச்சென்று சிவக்கும் வரை காட்டினால் கழுத்து மெழுகாகிவிடும், வீண். அதைவிட முக்கியம், சூடு கூட்டின் அடிப்பகுதிக்கு இறங்கவே கூடாது. 62,000 பவுண்டைத் தாங்குவது அந்த அடிப்பகுதியின் கடினம்தான், அது இளகிவிட்டால் போல்ட் பக்கமாக, அதாவது உங்கள் முகத்துப் பக்கமாக வாயு வரும். முதல் தடவை செய்கிறவர்கள் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

அனீல் செய்ததும் பழைய கூடுகளும் புதியவை மாதிரியே நடந்துகொண்டன, கரி தோள் பக்கத்தோடு நின்றுவிட்டது. மீதி இருந்த கொஞ்சத்துக்கு என் டைதான் காரணம் என்பது அளவுக் கருவியை வாங்கிய பிறகு தெரிந்தது. டைக்கு வந்த குறிப்பில், கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும் வரை இறக்கி அதற்கு மேல் கால் சுற்று திருப்பு என்று இருந்தது, நானும் பக்தியோடு திருப்பியிருந்தேன். அதனால் ஒவ்வொரு தடவையும் தோள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்கு பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. தேவைப்படுவது இரண்டு பங்குதான், போல்ட் சிரமம் இல்லாமல் மூடினால் போதும். தோள் அவ்வளவு பின்னால் போனால் கூடு சேம்பரில் தொளதொளவென்று உட்காரும், அடைப்பு தாமதமாகும், கரி. டையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பூட்டினேன். ஜூலையில் சுட்டபோது கழுத்தில் மட்டும் கறுப்பு, அதுவும் முக்கால்வாசிதான்.

குளிர் மட்டும் பாக்கி. வேகமானியை வைத்துப் பார்த்ததில் ஆகஸ்டுக்கும் அந்த மே காலைக்கும் நொடிக்கு 45 அடி வித்தியாசம். குளிரில் மருந்து மெதுவாக எரிகிறது, அழுத்தம் குறைகிறது, கனடாவில் வசந்த காலத்தில் "திடீரென்று கரி வருகிறது" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் என்று என் கணிப்பு. வெப்பநிலைக்கு அதிகம் அசையாத மருந்துகள் கிடைக்கின்றன, நான் அதற்கு மாறிவிட்டேன். ஆனால் குளிரில் கரி வருகிறதே என்று மே மாதத்தில் மருந்தைக் கூட்டிவைத்து, அதே தோட்டாவை ஆகஸ்ட் வெயிலில் காரின் பின்சீட்டில் வறுத்து எடுத்துச் சுடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அவர்களுக்குப் பக்கத்துப் பாயில் படுக்க எனக்கு இஷ்டமில்லை.

நண்பரின் கதையையும் சொல்லிவிடுகிறேன், அவர் அனுமதியோடுதான். அவருக்கும் கரிதான், ஆனால் புத்தம் புதுக் கூட்டிலேயே. எதையும் துல்லியமாகச் செய்கிற ஆள், அச்சுத் தொழில்காரர் இல்லையா, கழுத்தின் தடிமன் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கழுத்தைக் கடைந்து மெலிதாக்கியிருந்தார். கடைசல் செய்வது தனியாகச் சிறு கழுத்து வைத்து வெட்டிய சேம்பருக்குப் பொருந்தும். அவருடையது ஃபாக்டரி சேம்பர். அதில் ஏற்கெனவே ஆயிரத்தில் ஆறு ஏழு பங்கு இடைவெளி இருக்கும், இவர் கடைந்து இன்னும் கூட்டிவிட்டார், கழுத்து சுவரைத் தொட இன்னும் அதிக தூரம் விரியவேண்டும், அதற்குள் வாயு பின்னால் வந்துவிடுகிறது. அதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அறுநூறு கூடு கடைந்திருந்தார் மனுஷன்.

சரி, கேள்வி கேட்ட வாசகருக்கு: ஒரு பக்கம் மட்டும் கோடாகக் கரி ஓடியிருந்தால் கூட்டில் பள்ளம் அல்லது சேம்பரில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். டையில் அழுத்தும்போது பூசும் மெழுகைத் துடைக்காமல் விட்டிருந்தால் அதிலும் கரி ஒட்டும், அதோடு எண்ணெய் பட்ட கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காமல் போல்ட்டின் மேல் பாரத்தைக் கூட்டும், அதனால் துடைத்துவிட்டுத்தான் சுட வேண்டும். புல்லட்டைப் பிடிக்கும் பிடி தளர்வாக இருந்தாலும் மருந்து சோம்பலாகப் பற்றும்.

இவை எல்லாம் கூட்டின் முன்பாதி சமாசாரம். கரி பின்பக்கத்தில் இருந்தால் கதையே வேறு, அங்கே என் குக்கர் உதாரணம் செல்லாது. பிரைமரைச் சுற்றி அடியில் கறுப்பு வளையம் தெரிந்தால் வாயு பிரைமர் ஓரமாகக் கசிந்திருக்கிறது. பிரைமர் குழி தளர்ந்துவிட்டது, அது பெரும்பாலும் அழுத்தம் அதிகமாக வைத்துத் திரும்பத் திரும்பச் சுட்டதால் வருவது. இந்த ஒரு இடத்தில் உங்கள் பதில்காரர் சொன்னது பொருந்தலாம். அந்தக் கூட்டைக் குப்பையில் போடுங்கள், நிரப்பை மறுபடி ஆரம்ப அளவிலிருந்து பாருங்கள். அதேபோல அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பளபளப்பாக ஒரு வளையமோ மெல்லிய கறுப்புக் கோடோ ஓடினால் கூடு அந்த இடத்தில் இரண்டாகப் பிரியப்போகிறது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள், பள்ளத்தில் மாட்டினால் அந்தக் கூடு முடிந்தது, அந்தப் பெட்டியில் உள்ள மற்றவையும் சந்தேகம். தோளை அளவுக்கு மேல் பின்னால் தள்ளி ஓட்டியதன் பலன் இதுவும்தான், என் ஆறு பங்கு இன்னும் நாலைந்து தடவை தொடர்ந்திருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன்.

சுத்தம் செய்வதைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் "நன்றாகச் சுத்தம் செய்யுங்கள்" என்று படித்துவிட்டு யாராவது வீட்டில் இருக்கும் பித்தளைப் பாலிஷை எடுத்துத் தேய்த்துவிடுவார்கள். அம்மோனியா கலந்த பாலிஷ் பித்தளைத் தோட்டாக் கூட்டுக்கு விஷம். இதைக் கண்டுபிடித்த கதையே நம் நாட்டில்தான் ஆரம்பிக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறையும், தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள், மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கூடுகளில் விரிசல். பருவத்தில் வருவதால் அதற்குப் பருவ வெடிப்பு என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயரே வைத்துவிட்டார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும், பித்தளையை இழுத்துச் செய்யும்போது உள்ளேயே தங்கிவிடும் விறைப்பும் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்கின்றன என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். விறைப்பை எடுக்க வைத்தியம் என்ன என்றால், அதே சூடேற்றி ஆறவிடுதல்தான்.

நம் பாட்டிமார் குத்துவிளக்குக்குப் போடும் புளி பரவாயில்லை, புளியின் அமிலமும் சுடுகிறவர்கள் போடும் சிட்ரிக் அமிலமும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் ராத்திரி முழுக்க ஊறவைத்தால் கூடு இளஞ்சிவப்பாகிவிடும், துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மேலே தெரிகிறது என்று அர்த்தம், சில நிமிடம் போதும். சமையலறைப் பாத்திரத்தில் மட்டும் செய்யாதீர்கள், பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது, கையுறை போட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில், அதற்கென்று தனி வாளி வைத்துச் செய்யுங்கள். நான் ஒரு தடவை ரசத்துக்கு எடுத்துவைத்த புளியைத் தூக்கிப் போய்விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. கழுத்தின் உள்பக்கத்தில் இருக்கும் மெல்லிய கரியை நான் எடுப்பதே இல்லை, புல்லட் ஒரே சீராக வழுக்கி வெளியே வர அது உதவுகிறது, கண்ணாடி மாதிரி துடைத்த கழுத்தில் எனக்கு வேகம் ஏறி இறங்கியது.

ஆசிரியர் அவர்களே, அடுத்த இதழில் அந்தப் பதிலைத் திருத்திப் போடுங்கள், கேட்டவர் மருந்தைக் குறைப்பதற்கு முன்னால் அது அவர் கண்ணில் பட வேண்டும். அவர் விருப்பப்பட்டால் சுட்ட கூடு மூன்று நாலு, துடைக்காமல் அப்படியே, பக்கவாட்டிலும் அடியிலும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை தடவை சுட்டது, கடைசியாக எப்போது அனீல் செய்தது, அன்றைக்கு எத்தனை டிகிரி, டையை எந்த அளவில் பூட்டியிருக்கிறார், இந்த நாலையும் கூடவே எழுதினால் போதும். நானும் அச்சக நண்பரும் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம், அவரிடம் கடைந்த கூடு இன்னும் நானூறு பாக்கி இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வசதிதான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஸ்கார்பரோ